84வது தெருவுல ஃபீஸே வாங்காத ஒரு ஸ்கூல்: ரீஜிஸ் யார் காசுல ஓடுது?

நியூயார்க் மன்ஹாட்டன்ல அப்பர் ஈஸ்ட் சைடுன்னு ஒரு ஏரியா, அமெரிக்காவுலயே பெரும் பணக்காரங்க நெருக்கி நெருக்கி குடியிருக்கற இடங்கள்ல அதுவும் ஒண்ணு, அங்க மேடிசன் அவென்யூக்கும் பார்க் அவென்யூக்கும் நடுவுல 84வது தெருவுல ரீஜிஸ் ஹைஸ்கூல் இருக்கு. சேசு சபைக்காரங்க, அதாவது ஜெசூட் பாதிரிங்க நடத்தற கத்தோலிக்க பிரைவேட் ஸ்கூல், பசங்க மட்டும், 9வதுலேர்ந்து 12வது வரைக்கும், மொத்தமே சுமார் 530 பேர். இதுல என்ன விசேஷம்னா 1914ல திறந்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு பையன்கிட்டயும் டியூஷன் ஃபீஸ் வாங்கினதில்ல. ஸ்காலர்ஷிப் கிடைச்சவனுக்கு மட்டும் ஃப்ரீன்னு இல்ல, உள்ள சேர்ந்த எல்லாருக்குமே.

தெருவைத் தாண்டினா எதிர்த்தாப்ல செயின்ட் இக்னேஷியஸ் லயோலா சர்ச், கென்னடி மனைவி ஜாக்குலினுக்கு குழந்தையில ஞானஸ்நானம் நடந்ததும் 1994ல அடக்கப் பூசை நடந்ததும் அங்கதான். அந்த சர்ச்சை ஒட்டியே லயோலா ஸ்கூல், 1900ல ஆரம்பிச்சது, அதுவும் சேசு சபைதான், ஆனா அங்க வருஷத்துக்கு 40,000 டாலருக்கு மேல ஃபீஸ். அங்கேர்ந்து வடக்க நடந்து போனா கிழக்கு 106வது தெருவுல கிறிஸ்டோ ரே நியூயார்க், 2004ல வந்தது, அதுவும் சேசு சபை வழியில வந்ததுதான், அங்க பசங்களே ஆபீஸ் வேலைக்குப் போய் ஃபீஸ்ல பெரும் பங்கை சம்பாதிக்கறாங்க. ஆக ஒண்ணுல அப்பா அம்மா காசு, ஒண்ணுல பசங்க உழைச்ச காசு, ரீஜிஸ்ல இது ரெண்டுமே இல்ல. ஒரு ஸ்கூலோட வரலாறு, கட்டடம், பாடத்திட்டம்னு தனித்தனியா எழுதறது வழக்கம்தான், ஆனா ரீஜிஸைப் பொறுத்தவரை யார் காசு குடுத்தாங்கன்னு புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும், அதனால அங்கேர்ந்தே வரேன்.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஊர்ல சாமியார் ஸ்கூல், சிஸ்டர் ஸ்கூல்னா பாதிக்குப் பாதி அரசு உதவி பெறும் ஸ்கூலா இருக்கும், நிர்வாகம் ஃபாதர் கையில, வாத்தியார் சம்பளம் கவர்மென்ட் கையில. திருச்சி செயின்ட் ஜோசப்ஸும் பாளையங்கோட்டை சேவியர்ஸும் அவ்வளவு கம்மி ஃபீஸ்ல இத்தனை தலைமுறையைப் படிக்க வச்சதுக்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம். அமெரிக்காவுல அப்படிக் கிடையாது. மதம் சார்ந்த ஸ்கூல் வாத்தியார் சம்பளத்துக்கு கவர்மென்ட் பணம் குடுக்கக் கூடாதுன்னு பல மாநில அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க, நியூயார்க்கும் அதுல ஒண்ணு. டெக்ஸ்ட்புக் கடனா குடுக்கலாம், அது 1968ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் சரின்னு ஆச்சு, நியூயார்க் சிட்டி பசங்களுக்கு பஸ், சப்வே பாஸ் கிடைக்கும், அந்த மாதிரி சில்லறை உதவி உண்டு, ஆனா மெயின் செலவு முழுக்க ஸ்கூல் தலையில.

இது ஏன் இப்படி ஆச்சுன்னா 1840கள் வரைக்கும் போகணும். அப்ப நியூயார்க்ல பொதுப் பணத்துல ஓடின ஸ்கூலை எல்லாம் பப்ளிக் ஸ்கூல் சொசைட்டின்னு ஒரு தனியார் அமைப்பு நடத்திச்சு, முழுக்க புராட்டஸ்டன்ட் ஆட்கள், வகுப்புல அவங்க பைபிளைத்தான் படிக்கணும், பாடப் புஸ்தகத்துல போப்பையும் ஐரிஷ்காரங்களையும் திட்டி வேற எழுதியிருக்கும். ஐரிஷ் குடியேறிங்க கூட்டம் கூட்டமா வந்து இறங்கின காலம், ஜான் ஹியூஸ்னு ஒரு பிஷப், அவரும் ஐரிஷ்காரர், எங்க ஜனங்களும்தானே வரி கட்டறாங்க எங்க ஸ்கூலுக்கும் பங்கு குடுன்னு கேட்டார். பெரிய சண்டை. கடைசியில 1842ல மாநிலம் ஒரு சட்டம் போட்டு தேர்தல்ல வர்ற கல்வி போர்டை ஏற்படுத்திச்சு, அதோட மதம் சொல்லிக் குடுக்கற எந்த ஸ்கூலுக்கும் பணம் இல்லைன்னும் சொல்லிடுச்சு. அதுவே பிடிக்காம ஒரு கும்பல் போய் பிஷப் வீட்டுல கல்லெறிஞ்சது தனிக்கதை. ரெண்டு வருஷம் கழிச்சு ஃபிலடெல்ஃபியாவுல இதே பைபிள் தகராறு கலவரமாகி ஆள் செத்து சர்ச் எரிஞ்சுது. சரி, உன் காசும் வேண்டாம் உன் ஸ்கூலும் வேண்டாம்னு கத்தோலிக்கர்கள் தனியா கட்ட ஆரம்பிச்சாங்க, 1884ல பால்டிமோர்ல கூடின ஆயர்கள் மாநாடு ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஏரியாவும், ஒரு ஸ்கூல் கட்டியே ஆகணும்னு உத்தரவே போட்டுடுச்சு. வாத்தியாருக்கு எங்க போறது? கன்னியாஸ்திரிங்க இருந்தாங்க. சாப்பாடு, தங்கற இடம், கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம், அவ்வளவுதான் அவங்களுக்கு. அமெரிக்காவோட கத்தோலிக்க கல்வி மொத்தமும் இந்தப் பொம்பளைங்களோட சம்பளமில்லா உழைப்பு மேலதான் நின்னுச்சு. வரலாறு எழுதறவங்க பிஷப் பேரைத்தான் பெருசா போடுவாங்க, என்னமோ அவர் போய் கணக்குப் பாடம் எடுத்த மாதிரி.

இந்தப் பின்னணியில 1910கள்ல நிலைமை என்னன்னா, பங்கு ஸ்கூல்ல 8வது வரைக்கும் படிச்சுடலாம், அதுக்கு மேல ஹைஸ்கூல்னா ஃபீஸ் கட்டணும். அப்ப பெரும்பாலான குடும்பத்துல பையன் 14 வயசுல வேலைக்குப் போயிடுவான். அங்கதான் ஜூலியா கிராண்ட் வராங்க.

இந்த அம்மாவோட வீட்டுக்காரர் ஹியூ ஜே. கிராண்ட், 1889லேர்ந்து 1892 வரைக்கும் நியூயார்க் மேயர். பதவியேத்தப்ப வயசு 30, அந்த ஊர் சரித்திரத்துலயே ரொம்ப சின்ன வயசு மேயர் அவர்தான். 1888 பனிப்புயல்ல மன்ஹாட்டன் தெரு பூரா தந்திக் கம்பியும் கரண்டு கம்பியும் அறுந்து தொங்கி ஊரே நாறிப் போச்சு, கம்பியை எல்லாம் பூமிக்கு அடியில கொண்டு போங்கடான்னா கம்பெனிக்காரங்க கேக்கல, இவர் மேயரானதும் ஆளனுப்பி கம்பத்தை எல்லாம் கோடாலியால வெட்டிச் சாய்ச்சார். இன்னிக்கு மன்ஹாட்டன்ல அண்ணாந்து பார்த்தா கம்பியே தெரியாததுக்கு ஆரம்பம் அது.

ஆனா ஆள் டம்மனி ஹால் ஆள். டம்மனி ஹால்னா அந்தக் காலத்து நியூயார்க் டெமாக்ரடிக் கட்சியோட அதிகார மையம், வேலை வாங்கித் தரும், ரேஷன் தரும், ஓட்டு வாங்கும், கமிஷனும் அடிக்கும், நமக்கு விளக்கவே வேண்டாம். 1890ல மாநில செனட் விசாரணைக் கமிட்டி முன்னாடி ஒரு சமாச்சாரம் வெளிய வந்துச்சு, இவர் மேயராகறதுக்கு முன்னாடி ஷெரிஃபா இருந்தப்ப டம்மனி தலைவர் ரிச்சர்ட் குரோக்கரோட குட்டிப் பொண்ணு ஃப்ளாஸிக்கு கவர்ல பணம் போட்டுக் குடுத்திருக்கார். சாட்சி சொன்ன தொகை 25,000 டாலர், இல்லல்ல 10,000தான்னு இவரே ஒத்துக்கிட்டார், என் ஞானப்பிள்ளை, அவ ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னவன் நான், பாசத்துல குடுத்தேன்னார். ஞானப்பிள்ளைக்கு நாம ஒரு வளையல் போடுவோம், அவர் 10,000 டாலர் போட்டிருக்கார், அந்தக் காலத்து 10,000. இதை ஏன் சொல்றேன்னா ஸ்கூல் வரலாறு எழுதும்போது எல்லாரும் உத்தமர் சொத்து புண்ணியத்துல போச்சுன்னு எழுதிடுவாங்க, சொத்தோட கதை அவ்வளவு சுத்தமா இருந்ததில்ல. கிராண்ட் அரசியலை விட்டப்புறம் தொழில்லயும் சம்பாதிச்சார், 1910ல கிழக்கு 72வது தெரு 20ம் நம்பர் வீட்டுல இறந்து போனார். அந்த வீடு பின்னாடி வாடிகன் கைக்குப் போயிடுச்சு, ஐ.நா.வுல இருக்கற வாடிகன் தூதரோட வீடு அதுதான் இப்ப, 2008ல போப் பெனடிக்டும் 2015ல போப் பிரான்சிஸும் நியூயார்க் வந்தப்ப தங்கினதும் அங்கதான்.

ஜூலியா, நியூயார்க்லேர்ந்து அமெரிக்க செனட்டுக்குப் போன எட்வர்ட் மர்ஃபியோட பொண்ணு. இவங்களும் பணக்கார வீடுதான். கணவர் போனப்புறம் அவர் நினைவா கத்தோலிக்கப் பசங்க படிப்புக்கு ஏதாவது செய்யணும்னு இருந்தாங்க, செயின்ட் இக்னேஷியஸ் பங்குல இருந்த ஃபாதர் டேவிட் ஹெர்ன் குடுத்த யோசனைதான் இந்த ஸ்கூல். கெட்டிக்காரப் பையன், ஃபீஸ் கட்ட வழியில்ல, அவனுக்கு பெஸ்ட் படிப்பு, காசே வாங்காம. அந்த அம்மா ஒரே கண்டிஷன்தான் போட்டாங்க, என் பேர் வெளிய வரக் கூடாது. அதனாலதான் ஸ்கூல் வாசல்ல கிராண்ட் பேர் இல்ல, பிரெஞ்சு தேசத்து சேசு சபைப் புனிதர் ஜான் பிரான்சிஸ் ரீஜிஸ் பேர் இருக்கு. 1944ல அவங்க சாகற வரைக்கும் வெளியில யார் குடுத்தாங்கன்னு சொல்லவே இல்ல, ஃபவுண்ட்ரஸ், அதாவது ஸ்தாபகி, அப்படித்தான் ஸ்கூல்ல சொல்லுவாங்க, இன்னிக்கும் அப்படித்தான் சொல்றாங்க. நம்ம ஊர்ல ஒரு ட்யூப்லைட் குடுத்தாலே அது மேல உபயம்னு பெயின்ட் அடிச்சு வெளிச்சத்தைப் பாதியா குறைச்சுடுவோம், அந்தக் கணக்குல பாத்தா இந்த அம்மா வேற ரகம்.

கட்டடத்துக்கு வருவோம். வரைஞ்சது பாஸ்டன்காரங்க, மாகினிஸ் அண்ட் வால்ஷ், கத்தோலிக்கக் கட்டடம்னா அந்தக் காலத்துல அவங்கதான். அதே சமயத்துல பாஸ்டன் காலேஜுக்கு கூரான கோபுரம் வச்சு காதிக் ஸ்டைல்ல கட்டிக்கிட்டு இருந்த அதே கம்பெனி இங்க வந்து கிளாசிக்கல் ஸ்டைலுக்கு மாறிடுச்சு, வெளிறின சுண்ணாம்புக்கல், முகப்புல உயர உயரமா தூண் வரிசை, பாத்தா கோர்ட்டா பேங்கான்னு தோணும், ஸ்கூல்னு தோணாது. 84வது தெருவுல ஆரம்பிச்சு பின்னாடி 85வது தெரு வரைக்கும் ப்ளாக்கை முழுசா குறுக்க வெட்டிக்கிட்டுப் போகுது கட்டடம். நடுவுல திறந்த முற்றம், குவாட்னு சொல்லுவாங்க, அதைச் சுத்தி வகுப்புங்க. காரைக்குடி வீட்டு வளவு மாதிரி, நாலு பக்கமும் மாடி, நடுவுல வானம். அந்த முற்றம் அழகுக்கு மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் பக்கத்துக் கட்டடம் உசரமா முட்டி நிக்கற இடத்துல வகுப்புக்கு வெளிச்சமும் காத்தும் வர வேற வழி கிடையாது. உள்ள பெரிய ஆடிட்டோரியம், சாப்பல், ஜிம் எல்லாம் உண்டு. 1969ல நியூயார்க் நகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமா அறிவிச்சுடுச்சு, அதனால முகப்புல இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது.

என்ன இல்லைன்னா, மைதானம் இல்ல. அமெரிக்க ஹைஸ்கூல்னு சொன்னதும் சினிமாவுல பாத்த ஃபுட்பால் கிரவுண்டு, பார்க்கிங் லாட், மஞ்சள் பஸ் எல்லாம் ஞாபகம் வரும் இல்லையா, இங்க ஒண்ணும் கிடையாது. ஓடணும்னா சென்ட்ரல் பார்க். மேடிசனைத் தாண்டி ஃபிஃப்த் அவென்யூ போனா மெட்ரோபாலிட்டன் மியூசியம், எகிப்துக் கோயிலையே பேத்துக் கொண்டு வந்து உள்ள வச்சிருக்கற மியூசியம், ஸ்கூல்லேர்ந்து நடந்து அஞ்சு நிமிஷம். கேம்பஸ்னு தனியா ஒண்ணு வேணுமா என்ன?

பசங்க வர்றது எல்லாம் வெளியிலேர்ந்துதான். புரூக்ளின், குவீன்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்டு, நியூஜெர்சி, லாங் ஐலண்டு, கனெக்டிகட்டுலேர்ந்து கூட ட்ரெயின் பிடிச்சு வர்றவன் இருக்கான். ஹாஸ்டல் கிடையாது. லெக்சிங்டன்ல 86வது தெரு சப்வே ஸ்டேஷன்ல காலைல எறங்கற கூட்டத்துல கோட்டு டை போட்டுக்கிட்டு முதுகுல மூட்டை மாதிரி பேக்கோட வர்றவன்ல பாதி பேர் இந்த ரெண்டு மூணு ஸ்கூல் பசங்கதான். அந்தோணி ஃபௌச்சியும் அப்படி வந்தவர்தான், ஆமா கொரோனா சமயத்துல டிவில தினமும் வந்தாரே அதே டாக்டர். புரூக்ளின்ல அப்பா மருந்துக்கடை வச்சிருந்தார், மேல வீடு கீழ கடை, இவர் சைக்கிள்ல மருந்து டெலிவரி பண்ணுவார், அங்கேர்ந்து சப்வே மாறி மாறி ஒரு மணி நேரத்துக்கு மேல பயணம் பண்ணி ரீஜிஸ் வந்து 1958ல படிச்சு முடிச்சார். உயரம் 5 அடி 7 அங்குலம், பாஸ்கெட்பால் டீம் கேப்டன். லத்தீன், கிரீக்னு பழைய மொழிங்களைப் போட்டு உருட்டினதை அவரே பல பேட்டியில சொல்லியிருக்கார், சொல்ற விஷயத்தை சுருக்கமா தெளிவா சொல்லப் பழக்கினது சேசு சபைப் படிப்புன்னும் சொல்லியிருக்கார். அவர் ஒருத்தர்னு இல்ல, சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சிக்கு எழுதி நடிக்கற காலின் ஜோஸ்ட், ஈராக் போர் கதைங்களுக்காக 2014ல நேஷனல் புக் அவார்டு வாங்கின ஃபில் கிளே, இவங்களும் இந்த ஸ்கூல் பசங்கதான்.

படிப்பு எப்படின்னு கேட்டா, சேசு சபைக்கு 1599லேயே ஒரு பாடத்திட்டக் கையேடு உண்டு, இலக்கணம், இலக்கியம், பேச்சுக்கலை, தத்துவம்னு படிப்படியா ஏத்திக்கிட்டுப் போறது. ஆரம்ப காலத்து ரீஜிஸ் அதோட அமெரிக்க வாரிசு, எல்லாருக்கும் ஒரே கிளாசிக்கல் பாடம், மொழி மூணு நாலு. இப்ப லத்தீன் ஒரு மொழின்னு ஆகி மத்த மாடர்ன் மொழிங்களும் கூட வந்துடுச்சு, சயின்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் மத்த நல்ல ஸ்கூல் மாதிரியேதான். ஆனா ரெண்டு விஷயம் விடாம இருக்கு. ஒண்ணு, இறையியல் எல்லா வருஷமும் கட்டாயம், அது நம்ம ஊர் மறைக்கல்வி வகுப்பு மாதிரி கேள்வி பதில் மனப்பாடம் இல்ல, வாதம் பண்ற வகுப்பு. இன்னொண்ணு, பேச்சு. டிபேட் டீமுக்குப் பேரே ஹெர்ன், அந்த ஃபாதர் ஹெர்ன் பேர்ல, நாடளவுல பேர் வாங்கின டீம். ஸ்டூடண்ட் பேப்பர் ஆந்தை பேர்ல வருது. இதோட சமூக சேவையும் கட்டாயம். 1973ல அப்ப சேசு சபையோட உலகத் தலைவரா இருந்த பெத்ரோ அருப்பே ஸ்பெயின்ல வலென்சியாவுல பழைய மாணவர் கூட்டத்துல பேசினார், நாம பணக்காரப் பசங்களுக்கு நல்ல படிப்பு குடுத்து அனுப்பிட்டோம், நீதியைப் பத்திச் சொல்லிக் குடுத்தோமான்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டார், கூட்டத்துல சில பேருக்கு செம கோபம். அதுக்கப்புறம்தான் உலகம் பூரா சேசு சபை ஸ்கூல்ல மத்தவங்களுக்காக வாழற ஆளை உருவாக்கறதுங்கற பேச்சு வந்துச்சு, சேவை நேரம் எல்லாம் அதோட தொடர்ச்சி.

இப்ப காசுக் கதையோட ரெண்டாம் பாகம். 1960கள்ல அமெரிக்க கத்தோலிக்க ஸ்கூல்ல 50 லட்சத்துக்கு மேல பிள்ளைங்க படிச்சாங்க, இன்னிக்கு சுமார் 17 லட்சம். ஏன் விழுந்துச்சு? 1965ல நாட்டுல 1,80,000 கன்னியாஸ்திரிங்க இருந்தாங்க, இப்ப 40,000க்கும் கம்மி, அதுலயும் பெரும்பாலும் வயசானவங்க. அவங்க போன இடத்துல சம்பளத்துக்கு ஆள் போட்டா ஃபீஸ் ஏறும், ஃபீஸ் ஏறினா ஏழைப் பிள்ளை நிக்கும், அதே சமயத்துல ஐரிஷ், இத்தாலியன் குடும்பங்க சிட்டியை விட்டு சபர்புக்குப் போயிடுச்சு. ஒண்ணொண்ணா மூடினாங்க. புரூக்ளின்ல சேசு சபையோட சொந்த ஸ்கூல், புரூக்ளின் ப்ரெப், 1972ல மூடிட்டாங்க. பாஸ்கெட்பால் ஸ்டார் கரீம் அப்துல் ஜப்பார் படிச்ச பவர் மெமோரியல் 1984ல போச்சு. ஹார்லெம்ல ரைஸ் ஹைஸ்கூல் 2011ல. இதெல்லாம் ஃபீஸ் வாங்கின ஸ்கூலுங்க. ஃபீஸே வாங்காத ரீஜிஸ் மூடல.

இதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமா தோணுது. கிராண்ட் குடும்பத்துப் பணமும் என்னிக்கும் போதும்னு இல்ல, விலைவாசி ஏற ஏற, ஃபாதர்மாருக்குப் பதிலா குடும்பஸ்தர் வாத்தியார் வர வர, 1960களுக்கு அப்புறம் அது மட்டும் வச்சு ஓட்ட முடியாத நிலைமை. அப்ப ஸ்கூல் திரும்பினது பழைய மாணவர்கள் பக்கம். இங்கதான் ஜூலியா போட்ட கண்டிஷன் வேலை செஞ்சுது. ஃபீஸ் கட்டிப் படிச்சவன் மனசுல கணக்கு முடிஞ்சுடும், எங்கப்பா காசு கட்டினார் நான் படிச்சேன், நீயும் நானும் சரி. இங்க கணக்கு முடியவே இல்லையே, யாரோ பேர் தெரியாத ஒருத்தங்க நமக்கு கட்டியிருக்காங்க, திருப்பித் தர அவங்களும் உயிரோட இல்ல, அப்ப அடுத்து வர்ற பையனுக்குக் குடு. வருஷா வருஷம் பழைய மாணவர்கள்ல பெரும்பங்கு பேர் ஏதோ ஒரு தொகை போடறாங்க, வால் ஸ்ட்ரீட்ல இருக்கறவன் பெருசா போடுவான், வாத்தியார் வேலை பாக்கறவன் 50 டாலர் போடுவான். கூடவே நிலைநிதி ஒண்ணு பத்து கோடி டாலருக்கு மேல வளர்ந்து நிக்குது, அதோட வருமானம் ஒரு பக்கம். பசங்களோட பெத்தவங்க விருப்பப்பட்டா குடுக்கலாம், கட்டாயம் இல்ல. நூறு வருஷம் தாண்டியும் மாடல் உடையாம நிக்கறதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கறேன், வேற காரணம் சொல்றவங்களும் இருப்பாங்க, மன்ஹாட்டன் நடுவுல இருக்கறதால பணக்காரப் பழைய மாணவர் கிடைக்கறாங்கன்னு, அதுவும் பொய் இல்ல.

ஆனா ஃப்ரீன்னு ஆனதும் இன்னொரு சிக்கல் தானா வந்து உக்காரும், யாருக்கு சீட்? வருஷத்துக்கு சுமார் 135 சீட், அதுக்கு எழுதறவன் பல மடங்கு. பரீட்சை வச்சா நல்ல ஸ்கூல்ல படிச்ச, கோச்சிங் போன, வீட்டுல புஸ்தகம் இருக்கற பையன்தான் மேல வருவான், இது எல்லா ஊருக்கும் பொருந்தும், நீட்டைப் பாத்த நமக்குத் தெரியாததா. அப்ப ஏழைப் பையனுக்குன்னு ஆரம்பிச்ச ஸ்கூல் கொஞ்சம் கொஞ்சமா சபர்பு பையன் ஸ்கூலா மாறிடும். ரீஜிஸ் விண்ணப்பத்துலயே குடும்ப வருமானம் கேக்குது, வேற கத்தோலிக்க ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாதவங்களுக்கு முன்னுரிமைன்னு சொல்லுது. அது போதலைன்னுதான் 2002ல ரீச்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, வருமானம் கம்மியான குடும்பத்துப் பசங்களை மிடில் ஸ்கூல்லயே பிடிச்சு சம்மர்லயும் சனிக்கிழமையும் ஃப்ரீயா வகுப்பு எடுத்து தயார் பண்றது, ரீஜிஸ்ல கிடைக்கலைன்னாலும் வேற நல்ல கத்தோலிக்க ஸ்கூல்ல ஸ்காலர்ஷிப்போட சேரலாம். இது தர்மம்னு சொல்றதை விட, தன் ஸ்தாபக நோக்கம் கைநழுவாம இருக்க ஸ்கூல் தனக்குத்தானே வச்சுக்கிட்ட ரிப்பேர் வேலைன்னுதான் நான் சொல்லுவேன்.

இன்னும் ரெண்டு கதவு மூடியேதான் இருக்கு. பொண்ணுங்களுக்கு இடமில்ல. கத்தோலிக்கனா ஞானஸ்நானம் வாங்கினவனுக்கு மட்டும்தான். லயோலா 1973லேயே பொண்ணுங்களைச் சேர்த்தாச்சு, மத்த சேசு சபை ஸ்கூல் நிறைய இடத்துல வேற மதத்துப் பிள்ளைங்களும் படிக்கறாங்க, இந்தியாவுல சேசு சபை ஸ்கூல்ல பெரும்பான்மையே இந்துப் பிள்ளைங்கதானே. ரீஜிஸ் மட்டும் ஸ்தாபகி சொன்னபடி கத்தோலிக்கப் பசங்கன்னு நிக்குது. குடுத்தவங்க இஷ்டம்னு சட்டப்படி சரிதான், 1914ல ஐரிஷ், இத்தாலியப் பையனுக்கு வேற போக்கிடம் இல்லாதப்ப அதுக்கு ஒரு நியாயமும் இருந்துச்சு, இன்னிக்கும் அதே நியாயம் அப்படியே இருக்குன்னு என்னால சொல்ல முடியல. பொண்ணுங்க விஷயத்துல இன்னும் கஷ்டம், ஒரு பொண்ணு குடுத்த காசுல ஓடற ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு சீட் இல்ல.

அசிங்கமான பக்கமும் உண்டு, விட்டுட்டுப் போக முடியாது. 2019 ஜனவரியில அமெரிக்க வடகிழக்கு சேசு சபை மாநிலம், அதாவது சபையோட அந்தப் பகுதி நிர்வாகப் பிரிவு, சிறார் பாலியல் கொடுமைப் புகார்ல நம்பத்தகுந்த குற்றச்சாட்டு இருக்கற ஃபாதர்மார் பட்டியலை வெளியிட்டுச்சு, பல ஸ்கூல், பல பத்தாண்டு. அது இல்லாம 2021ல ரீஜிஸ் நிர்வாகக் குழு அப்ப ஸ்கூல் தலைவரா இருந்த ஃபாதரை, வயசு வந்தவங்ககிட்ட முறைகேடா நடந்துக்கிட்டார்னு வெளி ஆள் வச்சு நடத்தின விசாரணைக்கப்புறம் வேலையை விட்டு எடுத்துச்சு. பழைய மாணவர் காசுல நிக்கற ஸ்கூலுக்கு இதுல ரகசியம் காக்கறது இன்னும் கஷ்டம், காசு போடறவன் கேள்வி கேப்பான், நல்லதுதான்.

106வது தெரு கிறிஸ்டோ ரே பத்தி மேல சொன்னேன் இல்ல, அதையும் பாத்துடுவோம், ஏன்னா ரீஜிஸ் மாடலை இன்னொரு இடத்துல காப்பி அடிக்க முடியாதுங்கறதுக்கு அதுதான் பதில். 1996ல சிகாகோவுல மெக்ஸிகன் குடியேறிங்க இருக்கற பில்சன் ஏரியாவுல சேசு சபை ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கணும், ஃபவுண்ட்ரஸ் மாதிரி ஒரு அம்மா கிடைக்கல. அப்ப வந்த யோசனை, ஒரு கம்பெனியில ஒரு எண்ட்ரி லெவல் வேலையை நாலஞ்சு பசங்க பங்கு போட்டுக்கணும், ஆளுக்கு மாசத்துக்கு அஞ்சு நாள் மாதிரி, சம்பளம் நேரா ஸ்கூலுக்கு. பையனும் பொண்ணும் ரெண்டு பேரும். பேங்க், லா ஃபர்ம், ஆஸ்பத்திரின்னு 14 வயசுப் பிள்ளை ஃபார்மல்ஸ் போட்டுக்கிட்டுப் போய் ஃபைல் அடுக்கும், டேட்டா எண்ட்ரி பண்ணும். அந்த மாடல் அமெரிக்கா பூரா பரவி சுமார் நாற்பது ஸ்கூல் ஆயிடுச்சு. ரீஜிஸ் இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். செத்துப் போன மேயரோட சொத்து ஊருக்கு ஊர் கிடைக்காது, ஆபீஸ் வேலை எல்லா ஊர்லயும் கிடைக்கும். என்ன, ரீஜிஸ் பையன் மியூசியம் போற மத்தியானத்துல அந்தப் பிள்ளை ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு நிக்கும், அதை அனுபவம்னு சொல்றவங்களும் உண்டு, சுரண்டல்னு சொல்றவங்களும் உண்டு, எனக்கு இன்னும் பாதிப் பாதிதான்.

நியூஜெர்சி, குவீன்ஸ் பக்கம் இருக்கற நம்ம கத்தோலிக்கக் குடும்பங்க யாராவது இதைப் படிச்சா: பையன் 8வது படிக்கும்போதே, ஸ்கூல் திறந்த கொஞ்ச நாள்லயே விண்ணப்பம் ஆரம்பிச்சுடும், அதுல வருமான விவரம், ஞானஸ்நான விவரம் எல்லாம் கேப்பாங்க, அப்புறம் பரீட்சை, அதுல தேறினவங்களுக்கு இன்டர்வியூ, அதுல வாத்தியாருங்களும் ஸ்கூலோட பழைய மாணவர்களும் உக்காந்து பேசுவாங்க. 10வதுல நடுவுல சேத்துக்கலாம்னு நினைக்காதீங்க, சேர்றது 9வதுலதான். கிடைக்கலைன்னா 16வது தெருவுல சேவியர், பிராங்க்ஸ்ல ஃபோர்டாம் ப்ரெப், ஜெர்சி சிட்டியில 1872லேர்ந்து இருக்கற செயின்ட் பீட்டர்ஸ் ப்ரெப் எல்லாம் அதே சேசு சபைதான், ஃபீஸ் உண்டு, ஸ்காலர்ஷிப்பும் உண்டு, அதுக்குத் தனியா எழுதிப் போடணும்.